எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை

பிள்ளைகள், இப்போது மருத்துவமாதுகளாக இருக்கிற உங்களில் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து ஒரே குறையைச் சொன்னீர்கள். பிள்ளை தங்காமல் இருக்க மூன்று மாத ஊசி போடுகிற பெண்கள் இரண்டு மூன்று ஊசியோடு காணாமல் போகிறார்கள், தேடிப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், சொன்னால் விளங்காத சனம் என்று. நான் தேத்தண்ணீரைத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. 'விளங்காத சனம்' என்ற சொல்லை ஒரு காலத்தில் உங்களைவிடத் தாராளமாகப் பாவித்தவள் நான். அதனால் வாய் வரவில்லை. இப்போது எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டுக் கோபம் வந்தால் வந்து சண்டை பிடியுங்கள், இன்னொரு தேத்தண்ணீர் தருவேன்.

என் ஊர் பாண்டிருப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கத்து ஊரான மருதமுனையில் ஒரு பகுதிக்கு மருத்துவமாதுவாக இருந்தேன். சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வருவேன். ஒழுங்கைக்குள் திரும்பினால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். எல்லோருக்கும் நான் 'மிஸ்ஸி'. வாய் கொஞ்சம் நீளம். 'மிஸ்ஸிட ஊசி நோகாது, வாய்தான் குத்தும்' என்று பெண்கள் என் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு திரிந்தேன். பத்து வருட சேவை, எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பு வேறு.

அந்தப் பகுதியில் றைஹானா என்று ஒருத்தி. வயது இருபத்தெட்டு. மூன்று பிள்ளைகள். கணவன் இஸ்மாயில், தறிகாரன், அதிகம் கதைக்காதவன். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு அவளுடையது, கணவன் வந்து குடியிருப்பவன், கூடவே அவளுடைய உம்மா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இதய வால்வு ஒன்று பழுதாகியிருந்தது. மூன்றாவது பிள்ளைப்பேற்றில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை நானே பார்த்தேன். டாக்டர் இஸ்மாயிலைக் கூப்பிட்டு, "இன்னொரு பிள்ளை வயிற்றில் தங்கினால் தாயைக் காப்பாற்ற என்னால் முடியாது" என்று நேரே சொல்லிவிட்டார்.

பிள்ளை பெறுவதை நிரந்தரமாக நிறுத்துகிற சத்திரசிகிச்சை என்றதும் வீட்டில் எல்லோரும் தலையை ஆட்டி மறுத்தார்கள். அது மார்க்கத்துக்கு ஆகாது என்பது அவர்கள் முடிவு. தினம் விழுங்குகிற கருத்தடைக் குளிசை இதயத்துக்குச் சரிவராது என்றார் டாக்டர். மிஞ்சியது ஊசி. முதல் ஊசியை என் கையால்தான் போட்டேன். "இனி மூணு மாசத்துக்குப் பயமில்ல புள்ள" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

இரண்டாவது ஊசிக்கு அவள் வந்த நாள் கிளினிக்கில் சரியான சனம். பிள்ளைகள் கத்துகின்றன, நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் வரிசைக்குச் சண்டை. அவள் என் காதுக்குக் குனிந்து சொன்னாள்.

"மிஸ்ஸி, அது நிக்குதில்ல. வருது, போகுது, திரும்ப வருது."

"கனக்கப் படுதா?"

"இல்ல. துளித்துளியா. சில நாளைக்கிக் கறை மட்டும்."

"அப்ப ஒண்டுமில்ல. இந்த ஊசிக்கு அப்பிடித்தான், உடம்பு பழகினா நிண்டிரும். உசிரு போறதுக்கு இது பறுவாயில்லத்தானே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரித்தான் இருந்தது. நான் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தேன், நல்ல சிவப்பு. இரத்தம் குறையவில்லை. பயிற்சியில் சொல்லித்தந்தது அதுதான். அதிகமாகப் போகிறதா பார், இமையைப் பார், இல்லையென்றால் தைரியம் சொல்லி அனுப்பு. அட்டையில் 'முறைப்பாடு இல்லை' என்று எழுதினேன். மூன்றாவது ஊசிக்கு வந்தபோது நான் கேட்பதற்கு முன்னமே அவள், "கொஞ்சம்தான் மிஸ்ஸி" என்றாள். பார், பழகிவிட்டது என்று எனக்குச் சந்தோசம். மறுபடியும் 'முறைப்பாடு இல்லை'.

நாலாவது ஊசிக்குரிய நாள் நோன்பு தொடங்குவதற்கு மூன்று கிழமை முந்தி வந்தது. அவள் வரவில்லை. நானும் உடனே தேடவில்லை. நோன்பு நெருங்கினால் கிளினிக் வெறிச்சோடிவிடும் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பகலில் ஊசி போட்டால் நோன்பு முறியுமோ என்ற சந்தேகம் ஒரு பக்கம், பெருநாள் வேலை மறுபக்கம். வராதவர்கள் பத்தோடு பதினொன்று என்று அவளையும் விட்டுவிட்டேன். நோன்பு இரண்டாம் கிழமையில், ஆள் வராத கிளினிக்கில் சும்மா இருக்க மனமில்லாமல் அட்டைகளை ஒழுங்குபடுத்தும்போதுதான் அவளுடைய அட்டை கையில் வந்தது. நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். நாலு கிழமைக்கு மேல் பிந்திவிட்டது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற மாதம். அவள் வீட்டு விறாந்தையில் ராட்டுக்குப் பக்கத்தில் இருந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நோன்பு வாய், உதடு காய்ந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. முடிந்தால் நோன்பு பிடிக்கலாம், மயக்கம் வந்தால் விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மயக்கம் வரவில்லை போல.

"என்னகா புள்ள, ஊசி நாள் மறந்து போச்சா?"

"மறக்கல்ல மிஸ்ஸி. நான் இனி போடல்ல."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியாது. "விசரா உனக்கு?" என்று கத்தினேன். "ஆஸ்பத்திரியில கிடந்த கிடைய மறந்திட்டியா? உனக்கு ஒண்டு நடந்தா இந்த மூணு புள்ளையளயும் ஆரு பாக்கிற? சொல்லு, ஆரு பாக்கிற?"

உள்ளே தறிச் சத்தம் நின்றது. உம்மா வாசலுக்கு வந்தார். றைஹானா ராட்டை நிறுத்தவில்லை.

"நோன்பு நேரம், சத்தம் போடாதங்க மிஸ்ஸி. இந்த ஒம்பது மாசத்தில நான் எத்தின நாள் தொழுதிருப்பன் எண்டு நினைக்கிறீங்க?"

நான் சைக்கிளை விறாந்தைத் தூணில் சாத்தினேன்.

"ஒரு துளி கண்டாலும் எனக்கித் தொழுகை இல்ல. குளிச்சிச் சுத்தமாகி ரெண்டு நாள் தொழுவன், மூணாம் நாள் திரும்பக் கறை. இப்பிடியே போகுது. நீங்க கனக்கவா, கனக்கவா எண்டுதான் கேட்டீங்க. எனக்கிக் கொஞ்சமும் ஒண்டுதான், கனக்கவும் ஒண்டுதான். நோன்பும் போயிரும் எண்டுதான் உட்டன். ஊசிய உட்ட பொறகு நிண்டிட்டு. அல்ஹம்துலில்லாஹ், இண்டைக்கிப் பதினோராவது நோன்பு."

நான் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஆயுதம் பயம்காட்டல்தான். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"ஓம் மிஸ்ஸி, நீங்களும் டாக்டரும் சொல்றத நான் நம்புறன். நான் எப்பயும் மவுத்தாகலாம். அப்ப எப்பயும் மவுத்தாகப் போறவளுக்குத் தொழுகை வேணுமா, வேணாமா? அதையும் நீங்களே சொல்லுங்க."

என்ன சொல்வது? நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கேள்விக்கு முன்னால் நிற்பீர்கள். அப்போது தயவுசெய்து எதையாவது சொல்லிச் சமாளிக்காதீர்கள். பேசாமல் நில்லுங்கள்.

எனக்கு இந்த விசயம் புதிதும் இல்லை, அதுதான் வெட்கம். எங்களுக்கும் மாதவிலக்கு நாட்களில் கோயில் இல்லை. அதைப் போலத்தான் இதுவும் என்று நானாகவே விளங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். எனக்குக் கோயில் வெள்ளிக்கு வெள்ளி, அதுவும் மழை பெய்தால் இல்லை. அவளுக்கு ஒரு நாளில் ஐந்து தரம். வீட்டில் எல்லோரும் எழும்பித் தொழும்போது அவள் மட்டும் ஒதுங்கியிருக்க வேண்டும், மாதக்கணக்கில். அந்த நாட்களில் கணவனோடும் கூடக்கூடாது. இஸ்மாயில் ஒன்பது மாதமும் வாய் திறக்கவில்லையாம். "அவரும் மனிசன்தானே மிஸ்ஸி" என்று குரலை இறக்கிச் சொன்னாள். ஊசியை விட்ட பிறகு ஒன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் என் பயம் இரட்டிப்பானது. ஊசியின் பலன் முடிந்த மறுநாளே கர்ப்பம் தங்கும் என்றில்லை. தங்காது என்று எழுதித் தரவும் யாராலும் முடியாது.

"இதுக்கு உங்கட மார்க்கத்தில ஒரு வழி இல்லையா? ஆரிட்டயும் கேட்டீங்களா?" என்றேன்.

உம்மாதான் பதில் சொன்னார். "ரெத்தம் எண்டா ரெத்தந்தானே மிஸ்ஸி, இதில என்னத்தக் கேக்கிற? கேட்டாலும் ஏன் வருது எண்டு கேப்பாங்க. ஊசி போடுறா எண்டு சொல்ல ஏலுமா? ஊரே கதைக்கும்."

அன்று நான் சைக்கிளில் ஏறவில்லை. இரண்டு ஒழுங்கை தூரம் உருட்டிக்கொண்டே நடந்தேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு மௌலவியின் வீடு இருந்தது. அவருடைய மனைவி பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர், எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுவார்கள். அவர்களிடம் போய்க் கேட்கலாம். ஆனால் நான் வெளியூர்க்காரி, வேறு சமயத்தவள், கேட்கப் போவதோ பிள்ளை தடுக்கிற ஊசியைப் பற்றி. அந்த மௌலவிக்கு அது பிடிக்காமல் போய், வெள்ளிக்கிழமை பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. றைஹானா மட்டுமில்லை, என் பகுதியில் ஊசி போடுகிற அத்தனை பெண்களும் அடுத்த கிழமையே நின்றுவிடுவார்கள். ஒருத்திக்காக எல்லோரையும் பணயம் வைப்பதா? மேலிடத்தில் கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் சொல்வார்கள். அதனால் கேட்கவில்லை. இது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அவளுடைய நீல உதடுதான் கண்ணில் நின்றது.

ராத்தா குசினியில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணுக்கு, பெயர் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்தான வருத்தம், அதனால் ஒரு ஊசி, அந்த ஊசியால் இப்படி என்று சொன்னேன். அவர் அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் திரைக்குப் பின்னால் இருந்து மௌலவியின் குரலே வந்தது.

"ஊசிக்கி முந்தி அந்தப் பொம்பிளைக்கி வழமையா எத்தின நாள் வரும் மிஸ்ஸி?"

"தெரியாது" என்றேன்.

"இப்ப தொடர்ச்சியா எத்தின நாள்? இடையில சுத்தமா இருக்கிறது எத்தின நாள்?"

"அதும்... தெரியாது."

"நிறம்? சிவப்பா, கறுப்பா, மஞ்சளா?"

அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

"எத்தின மாசமா நீங்க அவவப் பாக்கிறீங்க?"

"ஒம்பது மாசம்."

அவர் சிரிக்கவில்லை, குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை. "கேட்டுக்கு வாங்க. இதெல்லாம் தெரியாம நான் ஒண்டும் சொல்லேலா" என்றார், அவ்வளவுதான். நான் வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது கால் மாறிப் போட்டேன். பெண்களின் உடம்பைப் பார்ப்பதற்கென்று அரசாங்கம் சம்பளம் தந்து வைத்திருப்பது என்னை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டது ஓர் ஆண், அதுவும் திரைக்குப் பின்னால் இருந்து. அன்று பட்ட வெட்கத்தை நான் என் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் காலையே றைஹானாவிடம் போனேன். முந்தின நாள் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். வழமை நாளையும் நிறத்தையும் சொன்னாள், மற்றதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. எழும்பிப் போய் அலுமாரியில் சேலைக்கு அடியில் இருந்து ஒரு நூல் சுருளை எடுத்து வந்தாள். தறியில் மிஞ்சிய வெள்ளை நூல். நாளுக்கு ஒரு முடிச்சு. கறை கண்ட நாளின் முடிச்சில் சிவப்பு நூல் துண்டு ஒன்று சேர்த்துக் கட்டியிருந்தது. ஒன்பது மாதமும் அதில் கிடந்தது. என் அட்டையில் கிடந்தது மூன்று வரி. அந்த நூலைக் கையில் வாங்கியபோது அழுகை வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் அழக்கூடாதென்று குனிந்து சைக்கிள் காற்றைப் பார்க்கிற மாதிரிப் பாசாங்கு செய்தேன்.

அன்று பின்னேரம் ராத்தா விறாந்தையில் இருந்து முடிச்சுகளை விரலால் தடவி எண்ணிச் சொல்லச் சொல்ல, திரைக்குப் பின்னால் மௌலவி குறித்துக்கொண்டார். வழமையான நாள் ஆறு என்று றைஹானா சொன்னதையும், நிறத்தையும் நான் சொன்னேன். அவர் கிதாபு ஒன்றைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் ராத்தா எனக்கு விளங்கும்படி சொன்னார்.

"மாசத்தில அவட வழமை நாள் ஆறும்தான் மாதவிலக்கு, மாதத்துக்கு வாறது. எந்த ஆறு நாள் எண்டு இந்தத் தாள்ல எழுதியிருக்கி. மத்த நாள்ல வாறது நோய் ரெத்தம். அதுக்குத் தொழுகைய உடப்படாது. கழுவித் துணி கட்டிக்கிட்டு, ஒவ்வொரு நேரத் தொழுகைக்கும் முகம் கை கால் கழுவி வுழு செஞ்சி தொழணும். நோன்பும் புடிக்கலாம். புருசனோட இருக்கிறதுக்கும் தடையில்ல."

நான் மெதுவாக, "ஊசி போடலாமா எண்டு..." என்று இழுத்தேன்.

திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "உசிருக்கு ஆபத்து எண்டு டாக்டர் சொன்னா, அது டாக்டர்ட கதை. நீங்க என்னட்டத் தொழுகையப் பத்தித்தான் கேட்டீங்க. நானும் அதுக்குத்தான் சொன்னன்."

அந்த மனிதர் பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய தீர்ப்பை நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டு போய் எல்லாப் பெண்களுக்கும் ஒப்பிக்காதீர்கள். ஒவ்வொருத்திக்கும் கணக்கு வேறு, அதைச் சொல்வது நம் வேலையும் இல்லை. கேட்டு எழுதுவதும், தெரிந்தவர்களிடம் போக வழி செய்வதும்தான் நம் வேலை.

றைஹானாவிடம் தாளைக் கொடுத்தேன். வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். "மெய்யா மிஸ்ஸி?" என்றாள். "நான் சொல்லல்ல, மௌலவி சொன்னது. நம்பிக்கையில்லாட்டி ராத்தாட்ட நேரே போய்க் கேளு" என்றேன். ஊசிக்குச் சம்மதித்தாள். ஆனால் உடனே போட முடியுமா? வயிற்றில் ஏற்கனவே தங்கியிருந்தால்? டாக்டரிடம் ஓடினேன். இரண்டு கிழமை கணவன் மனைவி விலகியிருக்கட்டும், பிறகு சிறுநீர் சோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார். இரண்டு கிழமை! ஒன்பது மாதம் பொறுத்தவனிடம் போய் இன்னும் இரண்டு கிழமை பொறு என்று யார் சொல்வது? நான்தான்.

இஸ்மாயில் தறிக் குழிக்குள் காலை வைத்தபடி இருந்தான். பெருநாளுக்குச் சாரன் கேட்டுக் கடைக்காரர்கள் நெருக்குகிற நேரம். பக்கத்தில் போய் நின்றேன். "தம்பி, ரெண்டு கிழமைக்குப் பொஞ்சாதிக்கிட்டப் போகப்படாது. டாக்டர்ட கட்டளை. விளங்கிச்சா?" என்றேன். அவன் கண்ணை நூலில் இருந்து எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது. "ஓம் மிஸ்ஸி" என்றான். நான் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகு, "மிஸ்ஸி, அவ மவுத்தாக மாட்டாதானே?" என்றான். ஒன்பது மாதத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. "நான் பாத்துக்கிறன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதை நம்பிச் சொன்னேனோ தெரியாது.

அந்த இரண்டு கிழமையும் நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் காலையில் குமட்டல் என்று கேள்விப்பட்ட ஒரு நாள், நான் நம்பிக்கையை விட்டேவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் விடியமுன் சஹருக்குச் சாப்பிட்ட பழைய கறி ஒத்துக்கொள்ளாமல் வீட்டில் எல்லோருக்கும்தான் குமட்டல். சின்னவன் என் மடியிலேயே சத்தி எடுத்தான். அவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் சீருடை துவைத்ததில்லை.

பெருநாள் கழிந்த மறுநாள் சோதனை முடிவு வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை. அன்றே ஊசியைப் போட்டேன்.

அதற்குப் பிறகு என் பகுதியில் எல்லா வீட்டுக்கும் மறுபடி போனேன். இந்தத் தரம் 'எப்படி இருக்கு?' என்று கேட்கவில்லை. எத்தனை நாள், என்ன நிறம், அதனால் உனக்கு என்ன செய்ய முடியாமல் போகிறது என்று கேட்டேன். அப்பப்பா, என்னவெல்லாம் வெளியே வந்தது! ஒருத்தி குளிசை குடித்தால் வரும் குமட்டலுக்குப் பயந்து ஒன்றுவிட்டு ஒருநாள் குடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும்போது குடி என்றதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்னொருத்திக்கு மண்டைக்குத்து, கண்ணுக்குள் மின்னல் மாதிரி. நோன்பில் மாத விலக்கு வராமல் இருக்க மச்சியிடம் குளிசை வாங்கி விழுங்கத் தொடங்கி, பெருநாளுக்குப் பிறகும் விடாமல் இருந்ததை அவள் அப்போதுதான் சொன்னாள். அன்றே நிறுத்தி டாக்டரிடம் அனுப்பினேன். இவர்கள் எல்லோருடைய அட்டையிலும் என் கையெழுத்தில் 'முறைப்பாடு இல்லை' என்றுதான் இருந்தது. முறைப்பாடு இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

றைஹானாவிடம் கடைசியாகப் போனேன். ஊசி போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். கறை மறுபடி தொடங்கியிருக்கும் என்று தெரியும், ஆனால் இப்போது அதற்கு வழி இருக்கிறதே என்று மனதில் ஒரு பெருமை. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து எவ்வளவோ நேரம், நடுப்பகல் லுஹருக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்த காலைப் பொழுது. தொழுகை நேரமே இல்லை. ஆனால் அறைக்குள் அவள் தொழுதுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கும் என்பதால் நின்று தொழ முடியாது, ஒரு மர வாங்கில் இருந்தபடி.

"என்ன நேரத்துத் தொழுகை உம்மா இது?" என்று கேட்டேன்.

"கழாத் தொழுறா மிஸ்ஸி" என்றார் உம்மா. "மவுலவி சொன்னாரே, மாதத்துக்கு வாற நாளுக்குத் தொழுகை கடமையில்ல, மத்த நாளுக்குக் கடமை எண்டு. அப்ப இந்த ஒம்பது மாசமும் ரெத்தம் எண்டு நினைச்சி உட்டதெல்லாம் தொழுதிருக்க வேண்டிய நாள்தானே? ராத்தாட்டப் போய்க் கேட்டிருக்கா. தெரியாம உட்டதுக்கு அல்லாஹ் மன்னிப்பான், ஆனா உட்டதத் திருப்பித் தொழத்தான் வேணும் எண்டு சொல்லியிருக்காங்க. நாளைக்கி அஞ்சு நேரம் எண்டா எத்தின தொழுக மிஸ்ஸி! காலையில கொஞ்சம், ராவைக்கிக் கொஞ்சம். மூச்சு வாங்கினா படுத்து எழும்பித் தொழுறா."

இரண்டாவது ஊசிக்கு அவள் என் காதுக்குள் குனிந்து சொன்ன அன்றே, 'எத்தனை நாள்?' என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் இதில் மூன்றில் இரண்டு பங்கு இருந்திருக்காது. விறாந்தையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

அவள் தொழுகையை முடிக்கிற ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது என்னைக் கண்டாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"வந்து கன நேரமா மிஸ்ஸி? கொஞ்சம் இரிங்க, இன்னம் நாலு ரக்அத்து தொழ இரிக்கி" என்றாள்.

"தொழு புள்ள, நான் இரிக்கன்" என்றேன்.

அவள் திரும்பி, மூச்சைச் சரிப்படுத்திக்கொண்டு, மறுபடி தொழுகைக்குக் கையைக் கட்டினாள்.